தாளிப்பில்லாத விருந்து

காலை ஆறு மணிக்குக் கப்பல் காங்கேசன்துறைக்கு எதிரே நங்கூரம் போட்டது. கரையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று, அதன் பின்னால் பனைமரங்கள், அவற்றின் பின்னால் இன்னும் பனைமரங்கள். மேல்தட்டில் நின்ற துரைமார்கள் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து ஆனந்தப்பட்டார்கள். நான் கரையைப் பார்க்கவில்லை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே கிடந்த தண்ணீரையும், எங்களை ஏற்றிப் போக ஆடி ஆடி வந்துகொண்டிருந்த படகையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சுபாவம் அப்படி. நான் கும்பகோணத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜண்டு. மனிதர்களுக்கு வரக்கூடிய கேடுகளை அவர்களுக்கு முன்னால் நானே யோசித்து, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து எடுத்துச் சொல்வது என் பிழைப்பு. ஊரில் என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. அப்படியும் போன வருஷம் நிறையப் பேரைப் பிடித்துக் கொடுத்தேன் என்று கம்பெனியார் எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் இந்த இலங்கைச் சுற்றுப் பிரயாணத்துக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிக் காங்கேசன்துறை, திருகோணமலை, மட்டக்களப்பு, காலி என்று தீவை வலம் வந்து கொழும்பில் இறங்குவது. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பகல் ஊர் பார்க்கலாம். மோட்டார், வழிகாட்டி, மத்தியானச் சாப்பாடு எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம்.

எங்களோடு எட்டு மாதக் குழந்தை ராஜியும் வந்தாள். நாகப்பட்டினத்தில் ஏறும்போது கப்பல் டாக்டர் எல்லோருடைய தோளையும் திருப்பிப் பார்த்து அம்மை குத்தின தழும்பு இருக்கிறதா என்று சோதித்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். ராஜியின் தோள் வெறுமையாக இருந்தது. "கைக்குழந்தை என்று விடுகிறேன். ஊருக்குப் போனதும் குத்திவிடுங்கள்" என்றார். நான் தலையை ஆட்டினேன். செண்பகம் ஆட்டவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மூத்த பையனுக்கு அம்மை குத்திய மறுவாரம் ஜுரம் கண்டது. அப்புறம் அவன் எழுந்திருக்கவில்லை. அது விஷ ஜுரம், குத்தினதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று எங்கள் தெரு டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். செண்பகம் எதிர்வார்த்தை பேசவில்லை, அழவுமில்லை. ராஜி பிறந்த அன்றைக்கு, "இவ கையில யாரும் ஊசி வைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். நானும் சரி என்றேன். ஊரெல்லாம் அலைந்து, அம்மை குத்திக்கொண்டீர்களா என்று வாடிக்கைக்காரர்களைக் கேட்கிற ஆசாமியின் வீட்டு நிலவரம் இது.

படகில் இறங்குமுன் டாக்டர் ஏணியடியில் நின்று ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "இது பங்குனி மாதம். இந்தக் கரையோரத்தில் அங்கங்கே அம்மை இருக்கிறது. நோய் கண்ட வீட்டுக்குள் யாராவது காலை வைத்தால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் ஏறினால் கப்பல் முழுவதையும் திருகோணமலையில் மறித்துப் போடுவார்கள்." செண்பகத்துக்கு இரவெல்லாம் வாந்தி, அவளும் குழந்தையும் இறங்கவில்லை. "பாத்துப் போயிட்டு வாங்க. வெயில்ல அலையாதீங்க" என்றாள். கடைசிப் படகு மாலை ஐந்து மணிக்கு, கப்பல் புறப்படுவது ஆறு மணிக்கு.

காலை ஏழரை மணி. படகுக் கூலி ஆளுக்கு இருபத்தைந்து சதம். துறைமுகத்துக்கு வெளியே துரைமார்களுக்கென்று நாலு மோட்டார்கள் நின்றன. ஐந்தாவது காருக்கு நான் ஒருவன்தான். அதன் சொந்தக்காரர், டிரைவர், வழிகாட்டி மூன்றும் ஒரே ஆள். நாற்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மேலே கோட்டு, நெற்றி நிறைய விபூதி.

"வாங்கோ ஐயா, வாங்கோ. என்ரை பேர் செல்லையா. நீங்கள்தான் முதல் சவாரி" என்று கதவைத் திறந்து பிடித்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் ஒரு நாள் வாடகைக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

"இன்றைக்கு முதல் சவாரியா?"

"இண்டைக்கு மட்டுமில்லை ஐயா. ரெண்டு கிழமையா நான் கார் எடுக்கேல்லை."

"இரண்டு வாரமாகவா? ஏன், வண்டி பழுதா?" என்றேன். எனக்கு உடனே பிரேக்கின் மேல்தான் நினைவு போயிற்று.

"வண்டிக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லி அவர் காரைக் கிளப்பினார்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் பன்னிரண்டு மைல். வழியெல்லாம் செம்மண். வீடுகள் கண்ணில் படுவதில்லை. தென்னோலை முடைந்து ஆளுயரத்துக்கு மேல் கட்டிய வேலிகள்தான் இரு பக்கமும் வருகின்றன. வேலிக்குள்ளே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் மைல் கணக்கில் போவது எனக்கு என்னவோபோல் இருந்தது. நம் ஊரில் தெருவில் நடந்தால் நாலு வீட்டுச் சண்டையும் காதில் விழும். தோட்டங்களில் கிணற்றுத் துலாவின், அதாவது நம் ஊர் ஏற்றத்தின், மேல் ஒரு மனிதர் கையால் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் நடக்கிறார். அவர் நடக்க நடக்க வாளி கீழே போய்த் தண்ணீரோடு மேலே வருகிறது. செல்லையா காரை நிறுத்தி என்னை நன்றாகப் பார்க்கச் சொன்னார். என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதருக்கு என் கம்பெனி எவ்வளவு பிரீமியம் கட்டினாலும் பாலிசி கொடுக்காது.

சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைகளும் புகையிலையும் மலையாகக் கிடந்தன. இளநீர் மூன்று சதம். அதைக் குடித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு நல்லூர் போய்ச் சேர்ந்தோம். மேல்துணியைக் கழற்றிக்கொண்டு நான் உள்ளே புறப்பட்டேன். செல்லையா வாசலுக்கு எட்டவே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நீங்கள் வரவில்லையா?"

"இல்லை ஐயா. நீங்கள் போய் ஆறுதலாக் கும்பிடுங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்."

வழிகாட்டிகள் கோயிலுக்குள் நுழைவதில்லை என்பது இந்த ஊர் ஏற்பாடு போலும் என்று எண்ணிக்கொண்டேன். அந்நிய தேசத்தில் எதைப் பார்த்தாலும் அது அந்தத் தேசத்து வழக்கம் என்று முடிவு கட்டிவிடுவது பிரயாணிகளுக்கு ஒரு வியாதி. அன்று அது என்னை நன்றாகப் பிடித்திருந்தது.

பட்டணத்துக் கோட்டையைச் சுற்றி அகழியும், உள்ளே ஒல்லாந்தர் கட்டிய மாதா கோயிலும், ஒரு சிறைச்சாலையும் இருக்கின்றன. சுவர்களின் கனத்தைப் பார்த்தபோது மட்டும் எனக்கு அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது. மணி பதினொன்று. மத்தியானச் சாப்பாடு பட்டணத்து ரெஸ்ட் ஹவுஸில் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. ஆனால் செல்லையா காரை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

"ஐயா, ஒரு விஷயம் கேக்கிறன். மறுக்கக் கூடாது. மத்தியானம் எங்கடை வீட்டிலை ஒரு பிடி சோறு சாப்பிடவேணும்."

தெரியாத வீடு, தெரியாத தண்ணீர், எத்தனை மைலோ தெரியாது. "படகுக்கு நேரமாகிவிடும்" என்றேன்.

"கப்பலுக்குப் போற வழிதான் ஐயா. மானிப்பாயாலை போய்ப் பண்டத்தரிப்பைத் தாண்டினா எங்கடை ஊர். அங்கையிருந்து கடற்கரையாலை கீரிமலை, பிறகு காங்கேசன்துறை. நாலு மணிக்கு உங்களைக் கொண்டு வந்து இறக்கிவிடுவன். நாங்கள் சைவம் ஐயா, மச்சம் புழங்கிற வீடில்லை." மச்சம் என்றால் மீன். "வீட்டிலை விடியவே உலை வைச்சிட்டா. நீங்கள் வராட்டி நான் அவவுக்கு என்ன சொல்லுறது?"

அவர் கெஞ்சின விதத்தில் பணத்துக்கோ பெருமைக்கோ சம்பந்தப்பட்ட ஏதும் இல்லை. சரி என்றேன்.

பண்டத்தரிப்பு யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறையப் பத்து மைல். இந்தக் கட்டுரையில் ஊர்ப் பெயர்களைச் சரியாகக் கொடுத்துவருகிறேன்; அதற்கப்பால் இருந்த செல்லையாவின் கிராமத்துக்கு மட்டும் பெயர் எழுதப் போவதில்லை. ஏன் என்று சீக்கிரம் தெரியும். கட்டுரைக்காக அவருக்குச் செல்லையா என்று பெயரிட்டதும் நான்தான்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டு வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். முற்றம் முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல் இருந்தது. மஞ்சள் வாசனையோடு வேப்பிலை வாசனையும் கலந்து வந்தது. இவர்கள் எவ்வளவு சுத்தக்காரர்கள் என்று வியந்தேன். கை கழுவத் தண்ணீர் கொடுத்த செல்லையாவின் மனைவி கண்ணெல்லாம் கறுத்துப் போய், பல நாள் தூங்காதவளாகத் தெரிந்தாள். ஆனாலும் சிரித்துக்கொண்டே, "வாங்கோ, இருங்கோ" என்றாள்.

தலைவாழையிலை. சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, கத்தரிக்காய்க் கறி, பூசணிக்காய், பருப்பு, கீரை. யாழ்ப்பாணத்துச் சமையல் காரத்தில் பேர்போனது என்று கப்பலில் கேள்விப்பட்டு, காலையிலிருந்தே அதற்கு வேறு பயந்துகொண்டிருந்தேன். ஒன்றிலும் காரம் இல்லை. எதையும் தாளிக்கவில்லை. அப்பளம் இல்லை, வடகம் இல்லை, எண்ணெயில் போட்டெடுத்த பண்டம் எதுவுமே இல்லை. எல்லாம் தேங்காய்ப் பாலில் வெந்து சாதுவாக இருந்தன. இவர்களுக்குத் தாளிக்கிற பழக்கமே கிடையாது போலும், ஊரில் போய்ச் சொன்னால் பெண்கள் நம்ப மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு முடியும்போது உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். ஆறு வயதிருக்கும். தலை ஈரமாக இருந்தது, நடை கொஞ்சம் தள்ளாடிற்று. புதுச் சட்டை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியிருந்தது. இரண்டு கையாலும் ஒரு செம்பைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"மோர்" என்றாள்.

நல்ல மோர். அடி வரை குடித்தேன். செல்லையாவும் அவர் மனைவியும் நான் குடித்து முடிக்கிற வரை கண்ணிமைக்காமல் பார்த்தார்கள். குடித்து முடித்ததும் அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி. நான் எழுந்து கும்பிட்டு, நம் ஊர் மரியாதைப்படி, "அம்மா, சாப்பாடு அமிர்தமாக இருந்தது. போய் வருகிறேன்" என்றேன்.

அந்த அம்மாளின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. "ஐயோ!" என்று ஒரு சத்தம். பெண்ணை வாரி எடுத்து அதன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். செல்லையா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கதையாதேங்கோ ஐயா! கதையாமல் வாங்கோ!"

படலையைத் தாண்டும்போதுதான் அதன் மேல் கட்டையில் ஒரு கயிற்று முடிச்சும், அதில் சிக்கிக்கொண்டிருந்த இரண்டு காம்புகளும் தெரிந்தன. எதையோ கட்டி அவிழ்த்த அடையாளம். அவர் காரைக் கிளப்பி ஒரு மைல் ஓட்டினார்.

"என்ன தப்பு செய்தேன்?" என்றேன். சாவு வீட்டில்தான் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அங்கே சாவு இல்லையே.

"உங்களிலை பிழையில்லை. நான் முதலே சொல்லியிருக்கவேணும். அம்மாள் வந்து இருந்திட்டுப் போற வீட்டிலை போட்டு வாறன் எண்டு சொல்லப்படாது ஐயா. அவவும் கேட்டுக்கொண்டு நிப்பா. அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி வந்திடுவா."

"எந்த அம்மாள்?" என்று கேட்டு வாய் மூடுவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மஞ்சள் தண்ணீர். வேப்பிலை. தாளிக்காத கறி. கோயிலுக்குள் நுழையாத மனிதர். ஈரத்தலையோடு, உடம்பை மூடிக்கொண்டு வந்த குழந்தை. இவற்றில் ஒன்றாவது யாழ்ப்பாணத்து வழக்கமா? அத்தனையும் கும்பகோணத்து வழக்கம்! எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு நாள் தாளிக்கிற ஓசை கேட்காவிட்டால், மூன்றாம் நாள் நானே அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். கடல் தாண்டி வந்தோம் என்கிற ஒரே காரணத்தால், பிறந்த நாள் முதல் தெரிந்த விஷயத்தைப் புது நாட்டு அதிசயம் என்று ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அம்மையா?" என்றேன்.

"ஓம் ஐயா. பிள்ளைக்குத்தான். இண்டைக்கு விடியத்தான் மூண்டாம் தண்ணி வாத்தது. அவ போட்டா ஐயா. போனாப் பிறகுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"பெரியம்மையா, சின்னதா?"

அவர் காரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. "அம்மாளின்ரை முத்திலை பெரிசு சின்னன் எண்டு பாக்கலாமோ ஐயா? முத்துப் போட்டவ. விளையாடினவ. பிள்ளையைத் திருப்பித் தந்திட்டுப் போட்டா. அதுக்கு மேலை நாங்கள் கதைக்கிறேல்லை."

"டாக்டரிடம் காட்டினீர்களா?"

"டாக்குத்தரோ! காட்டினா சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கு வெளியிலை கொட்டிலிலை போட்டிடுவான். தாயையும் கிட்ட விடமாட்டாங்கள்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் உங்களுக்குக் கேடு நினைப்பனோ? பிள்ளை தப்பினா, முதல் சவாரியிலை ஏறிற ஆளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சோறு போடுவன், பிள்ளை தன்ரை கையாலை மோர் குடுக்கும் எண்டு நேத்தி வைச்சனான். நீங்கள் குடிச்ச பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. என்னைத் தெய்வத்துக்குச் சமமாக உட்கார்த்தி வைத்துச் சோறு போட்ட மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குப் பயம் என்னைப் பற்றி அல்ல; என் தோளில் இரண்டு தழும்பு இருக்கிறது. கப்பலில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. நான் போய் நின்றதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாயும். அதன் தோளில் ஒன்றுமில்லை.

மூன்று மணிக்குக் கீரிமலை. கடலை ஒட்டி, நாலடி அகலச் சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர் ஊற்று. அந்தப் பக்கம் உப்புக் கடல். எல்லோரும் பார்க்க வேண்டிய அற்புதம். நான் பார்த்தது, அந்தக் கேணியில் குதித்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளை. காரில் வரும்போதே, இதில் ஒரு முழுக்குப் போட்டு உடம்பில் ஒட்டினதையெல்லாம் கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். படியில் ஒரு காலை வைத்தேன். ஒரு குழந்தை என் பக்கமாகத் தண்ணீரை வாரி அடித்துச் சிரித்தது. காலை எடுத்துக்கொண்டேன். சுவரைத் தாண்டிப் பாறை வழியாக இறங்கி, யாரும் இல்லாத இடத்தில், கோட்டும் வேட்டியுமாகக் கடலுக்குள் கழுத்தளவு உட்கார்ந்தேன். செல்லையா கரையில் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஈரத்தோடு காரில் ஏறினபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "கப்பலிலை சொல்லப் போறியளோ?"

"என் குழந்தைக்கு இன்னும் அம்மை குத்தவில்லை, செல்லையா."

அவர் காரைக் கிளப்பினார். காங்கேசன்துறையில் இறங்கும்போது மணி நாலரை. வாடகைக்கு மேல் இனாமாக நான் நீட்டின இரண்டு ரூபாயை அவர் தொடவில்லை. "ஊரின்ரை பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ ஐயா. பிள்ளை இப்பதான் எழும்பி நடக்குது" என்றார்.

கடைசிப் படகில் நான் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் முன்னாலேயே போய்விட்டார்கள். படகு போகப் போக ஒரு யோசனை: சொன்னால் என்னை ஏற்ற மாட்டார்கள், அவள் கைக்குழந்தையோடு தனியாகக் கொழும்பு வரை எப்படிப் போவாள்? இன்னொரு யோசனை: சொல்லாமலே ஏறி, குழந்தையைத் தொடாமல் இருந்துவிட்டால் என்ன? தொடாமல் எத்தனை நாள் இருப்பேன், என்ன காரணம் சொல்வேன்? ஏணிக்கு மேலே கம்பியருகில் செண்பகம் ராஜியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் ராஜி அந்த உயரத்திலிருந்தே கைகளை நீட்டிவிட்டாள். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

"டாக்டர்!" என்று படகிலிருந்தே கத்தினேன். "நான் ஏறக் கூடாது. அம்மை கண்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்."

டாக்டர் ஏணியில் பாதி இறங்கி வந்து விசாரித்தார். வீட்டில் யாருக்கு, எப்போது தண்ணீர் வார்த்தார்கள், தொட்டீர்களா என்றெல்லாம் கேட்டார். பிறகு, "உள்ளங்கையில் வடு இருந்ததா? இருந்தால் பெரியம்மை. யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்திருந்தன. எனக்கு மோர்தான் ஞாபகம் வந்தது.

"தெரியாது" என்றேன்.

"எந்த ஊர்?"

"தெரியாது."

"காலையிலிருந்து என்னதான் பார்த்தீர்கள்?"

"எல்லாவற்றையும் பார்த்தேன்" என்றேன். ஊரைச் சொல்லாதது சரியோ தப்போ, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொட்டிலை நினைத்தேன், வாய் வரவில்லை.

டாக்டர் மேலே போய்க் கேப்டனோடு பேசிவிட்டு வந்தார். துணிகளை இங்கேயே கழற்றிக் கடலில் போட வேண்டும். கார்பாலிக் தண்ணீரில் குளிக்க வேண்டும். எனக்கு மறுபடி குத்துவார்கள். பின்தட்டு அறையில் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவுக்கும் நான் தலையாட்டினேன். "இதெல்லாம் குழந்தைக்கு இப்போதே அம்மை குத்திக்கொண்டால்தான். குத்தாத குழந்தையையும் உங்களையும் ஒரே கப்பலில் கொண்டுபோகக் கேப்டன் சம்மதிக்க மாட்டார். இல்லாவிட்டால் நீங்கள் இங்கேயே தங்கிவிட வேண்டும்" என்றார் டாக்டர்.

செண்பகத்தின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்" என்று அண்ணாந்து கத்தினேன். "உன் அண்ணனுக்குத் தந்தி கொடுக்கிறேன், கொழும்புக்கு வந்து அழைத்துப் போவான். பயப்படாதே."

"இங்க யார் வீட்ல இருப்பீங்க?" என்றாள்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். வேற்று ஆண்பிள்ளைகளோடு அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"குத்தினா ஜுரம் வருமா?"

"வரும் அம்மா. ஒரு வாரம் கழித்து வரும். வந்தால்தான் குத்தினது பிடித்திருக்கிறது என்று அர்த்தம்."

டாக்டர் உண்மையைத்தான் சொன்னார். அதைவிட ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இருந்தது. செண்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானோ துணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பொத்தானில் கை வைத்தபடி படகில் நின்றேன். கப்பல் ஒரு முறை ஊதியது. ராஜி பயந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செண்பகம் அந்தத் தோளோடு அவளை இறுக்கிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பாராமல், டாக்டரின் பின்னால் உள்ளே போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. படகுக்காரர்கள் இரண்டு பேரும் துடுப்பை நிறுத்திவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உள்ளேயிருந்து ராஜி வீறிட்டாள்.

"பிள்ளை அழுகுது ஐயா" என்றார் அவர்களில் பெரியவர்.

"அழட்டும்" என்றேன். என் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "நன்றாக அழட்டும்."

மாலை ஆறு மணி. கப்பல் கிழக்கே திரும்பியது. பின்தட்டில் என் அறைக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி, நான் அதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. உடம்பெல்லாம் கார்பாலிக் நாற்றம். கலங்கரை விளக்கமும் பனைகளும் சிறுத்துக்கொண்டே போயின. ராஜிக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம்: ஜுரம் வந்தது, கொழும்பில் வந்தது, அந்த நாட்களை எழுத என்னால் ஆகாது, பிறகு விட்டுவிட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆகவே அந்த வீட்டுக்கு வந்துபோனது பெரிதா சிறிதா என்று இன்றைக்கும் தெரியாது. யாழ்ப்பாணம் எப்படி இருக்கிறது என்று ஊரில் கேட்கிறவர்களிடம், நம் ஊர் மாதிரியேதான் இருக்கிறது என்கிறேன். இத்தனை செலவில் இதைத்தான் பார்த்துவிட்டு வந்தாயா என்று சிரிக்கிறார்கள்.

அன்று விளக்கேற்றுகிற வேளைக்குச் செண்பகம் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ராஜி அழுது ஓய்ந்து அவள் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். கோபிப்பாள், கோபிக்கட்டும் என்று நான் தயாராக இருந்தேன்.

"அந்த வீட்டுப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?" என்றாள்.

"ஆறு இருக்கும்."

"எழுந்து நடக்கிறாளா?"

"நடந்து வந்துதான் மோர் கொடுத்தாள்."

"நம்ம பையனுக்கும் இந்தச் சித்திரைக்கு ஆறு முடியும்" என்றாள்.

அப்புறம் அங்கேயே, வெறும் தட்டில், உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவன் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ராஜி விழித்துக்கொள்ளாமல் இருக்க வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டேன். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். நீட்ட அனுமதி இல்லை.